ஆண்டுதோறும் புதிதாகும் பாறை

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மென்லோ என்ற சிற்றூர் அருகே, 25-ஆம் எண் சாலையோரம் ஒரு பெரும்பாறை நிற்கிறது. 12 அடி உயரம், சுமார் 60 டன் எடை. முன்பெல்லாம் இளவட்டங்கள் கண்டதையும் கிறுக்கிவைத்த பாறைதான். 1999-இல் ரே சோரன்சன் என்ற இளைஞர் படைவீரர்களுக்கு நன்றி சொல்லி அதில் ஓவியம் தீட்டினார். அன்று முதல் ஒவ்வொரு மே மாதமும், போரில் இறந்தோர் நினைவு நாளையொட்டி, பழைய ஓவியத்தை அழித்துப் புதிதாக வரைகிறார்.

ஒரு பக்கத்தை மட்டும் அவர் அழிப்பதில்லை. வியட்நாம் போர்க்கால ஹெலிகாப்டர் ஒன்றின் ஓவியம் அங்கே இருக்கிறது. அதன் பச்சை வண்ணத்தில் அந்தப் போரில் பங்கேற்று மறைந்த வீரர்களின் அஸ்தி கலந்திருக்கிறது. முன்னாள் வீரர்களே கொண்டுவந்து தந்தது. இது தெரியாமல் போயிருந்தால், படம் எடுத்துக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் கிளம்பியிருப்பேன். தெரிந்ததால் கை வைத்துத் தொடவும் மனம் வரவில்லை.

இப்போது அயோவாவின் 99 கவுண்டிகளிலும் (நம் மாவட்டங்கள் போன்றவை) இதுபோல் பாறைகள் உண்டு. அந்தந்தப் பகுதி வீரர்களின் கதையைச் சொல்பவை. வெண்கலச் சிலைகளைவிட (திறப்பு விழாவோடு பலவற்றை மறந்துவிடுகிறோம்) ஆண்டுதோறும் தூரிகை படும் இந்தப் பாறையே எனக்கு நெருக்கமாகப் படுகிறது. அந்தப் பக்கம் செல்வோர் வண்டியை நிறுத்தி, முதலில் ஹெலிகாப்டர் பக்கம் போய்ப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்