ஐயாவுக்கு, பேரிக்காய்க் காலத்தில்

ரொறன்ரோ
செப்டெம்பர் மாதம்

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் துவங்கியிட்டுது. குளிர் இன்னும் வரேல்லை. போன சனிக்கிழமை நயாகராப் பக்கம் ஒரு பழத்தோட்டத்துக்குப் போனனாங்கள். அதைப்பற்றி ஐயாவுக்கு எழுதாமல் இருக்க ஏலாது.

அங்க பார்ட்லெட் எண்டொரு பேரிக்காய். மரத்தில பழுக்க விடாயினம். பச்சையாய், கட்டியாய் இருக்கேக்கையே ஆய்ஞ்சிடுவினம். விட்டால் வெளியில வடிவாய் இருக்கும், உள்ளுக்குள்ள நடுப்பகுதி மண்ணிறமாகிப் பழுதாப்போகும். நீங்கள் மாங்காயை வைக்கோலுக்குள்ள பழுக்கப் போடுறது போலத்தான் இதையும் வீட்டில வைச்சுப் பழுக்க வைக்கிறது. தோல் மஞ்சளாகி, காம்படியில விரலால அமத்த இளகினால் தின்னலாம். அப்பிடியொரு சாறு, அப்பிடியொரு வாசம்! அம்மாவுக்கு ஒரு துண்டு வெட்டிக் குடுக்க ஏலாமல் போச்சே எண்டு நினைச்சன்.

இதின்ர ஊர் கனடா இல்லை. இங்கிலாந்தில ஆல்டர்மாஸ்டன் எண்ட கிராமத்தில, 1770ஆம் ஆண்டளவில, ஸ்டெயர் எண்ட பள்ளிக்கூட வாத்தியாற்ற வளவில நிண்ட மரம். லண்டன் பக்கத்தில மரக்கண்டு வித்த ரிச்சர்ட் வில்லியம்ஸ் அதைப் பரப்பினபடியால் அங்க வில்லியம்ஸ் எண்டுதான் பேர். 1799 அளவில கண்டுகள் கப்பலேறி அமெரிக்காவுக்கு, மசாச்சூசெட்சுக்கு வந்தது. அந்தக் கண்டுகள் நிண்ட காணியைப் பிறகு வாங்கின ஈனொக் பார்ட்லெட்டுக்கு இது என்ன இனமெண்டு தெரியாது. தன்ர பேரிலயே ஊருக்குக் குடுத்திட்டார். 1828இல இங்கிலாந்தில இருந்து வேற கண்டுகள் வந்தாப் பிறகுதான் ரெண்டும் ஒண்டெண்டு கண்டுபிடிச்சவை.

விதை போட்டால் தாய்மரத்தின்ர குணம் வராது, ஐயா. ஒட்டுக் கட்டித்தான் பெருக்கிறது. அப்ப, இண்டைக்கு உலகத்தில நிக்கிற பார்ட்லெட் எல்லாம் அந்த வாத்தியாற்ற ஒரேயொரு மரத்தில இருந்து வழிவழியாய் வந்த கொப்புகள்தான். இருநூற்றைம்பது வருசமாய் அந்த மரம் சாகேல்லை. மரத்தடியில நிண்டு இதை யோசிக்க எனக்கு எங்கட வளவுதான் ஞாபகம் வந்தது. பேரிக் கண்டு ஒண்டு அங்க அனுப்பியும் பிரியோசனமில்லை, நீண்ட குளிர்காலம் இல்லாட்டி அது ஒழுங்காய்ப் பூக்காது.

கிணத்தடிக் கறுத்தக்கொழும்பான் ஒரு பக்கம் பட்டுப்போச்சு எண்டு அம்மா போனில சொன்னவ. அது அப்பு நட்ட மரம். மீசாலையில எத்தினை மாமரம் நிண்டாலும் அந்தப் பழம் வேற. பட்டுப்போகாத பக்கத்தில நல்ல கொப்பாய்ப் பாத்து இந்த வருசமே ஒட்டுக் கட்டுங்கோ. ஒண்டு எங்கட வளவுக்கு, ஒண்டு கொடிகாமத்தில தங்கச்சி வீட்டுக்கு. உங்களுக்குக் கை நடுங்குதெண்டால் பழகின பொடியன் ஒருத்தனைக் கூப்பிட்டு, பக்கத்தில கதிரை போட்டிருந்து சொல்லிக் குடுங்கோ. கூலிக்காசு நான் அனுப்புறன். மாரிக்கு முன்னமோ பின்னமோ எண்டதை நீங்கள்தான் சொல்லவேணும்.

அம்மா சீனி வருத்தத்துக்குக் குளிசையை விடாமல் போடட்டும். ஒட்டுக் கட்டினவுடன ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்