55 பூச்சிகளும் பாயின் சிலேட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் செல்போன் விளையாட்டுப் பழக்கம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதிலுள்ள கவலை நியாயமானது. எனக்கும் பள்ளிக்குப் போகிற மகன் இருக்கிறான். ஆனால் நடுவில், 'அந்தக் காலத்து வீடியோ கேம் கடைகள் பையன்களைக் கெடுத்ததைப் போல' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கட்டுரையாளர் மேலே போய்விடுகிறார். அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். அப்படி ஒரு கடையில் ஏழு வருடம் கிடந்தவன் நான். முதல் இரண்டு வருடம் காசு கொடுத்து ஆடியவன். அதன் பிறகு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் எடுபிடிப் பையன். இன்று திருவாரூரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறேன். சால்டரிங் அயர்னை முதன்முதலில் என் கையில் கொடுத்தது அந்தக் கடைதான்.

1989-இல் அது கமலாலயக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் திறக்கப்பட்டது. திருவாரூர் அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. கடைக்காரர் கூத்தாநல்லூர்க்காரர், சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போய்வந்த சபுராளி. எங்களுக்கு அவர் பாய். சென்னை ரிச்சி தெருவில் ஆட்டம் அடங்கிய பழைய மின்சுற்றுப் போர்டுகள் இரண்டை வாங்கி, துண்டில் சுற்றி, ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம். பெட்டிகளைச் செய்தவர் கதவும் நிலையும் செய்கிற உள்ளூர் ஆசாரி. பக்கப் பலகையில் படம் எழுதியவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். ராக்கெட் வேண்டுமென்று பாய் சொல்ல, அவர் தீபாவளி ராக்கெட்டை வாலில் குச்சியோடு எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு அது இன்றைக்கும் அழகாகத்தான் தெரிகிறது.

ஒரு பெட்டியில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. மேலிருந்து இறங்கி வரும் பூச்சிகளைக் கீழிருந்து சுட வேண்டும், நாங்கள் பூச்சி ஆட்டம் என்போம். இன்னொன்றில் 'பேக்மேன்': துரத்தும் பேய்களிடம் சிக்காமல் சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளை விழுங்கும் ஆட்டம், எங்களுக்கு அது முழுங்கி. பூச்சி ஆட்டத்தின் திரை கறுப்பு வெள்ளை. பந்தல் விளக்குகளுக்குச் சுற்றுகிற வண்ணக் கண்ணாடித்தாளைப் பட்டை பட்டையாக வெட்டிப் பாய் திரையில் ஒட்டியிருந்தார். பூச்சி கீழே இறங்க இறங்க நிறம் மாறும். பணம் போதாமல் செய்த வேலை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். 1978-இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனம் அந்த ஆட்டத்தை வெளியிட்டபோதும் இதே போலத் திரைமேல் வண்ணத்தாள் வைத்துத்தான் நிறம் காட்டினார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

அந்த ஆட்டத்தில் 5 வரிசை, வரிசைக்கு 11 என 55 பூச்சிகள். தொடக்கத்தில் அசைந்து அசைந்து நகரும். சுடச் சுட வேகம் கூடும். கடைசியாக நிற்கும் ஒற்றைப் பூச்சி, கண்ணில் அகப்படாமல் ஓடும். அது ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆயிற்று. டெல்டாவில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே மடை, பாய வேண்டியவை 55 வயல்கள், முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம். எல்லா வயலும் பாய்ந்து மறுபடி முதல் வயலுக்கு முறை வர நேரமாகும். வயல்கள் குறையக் குறைய முறை சீக்கிரம் வரும். அந்த இயந்திரத்தின் மூளையான இன்டெல் 8080 சில்லும் அப்படித்தான். திரை ஒரு விநாடிக்கு 60 முறை புதிதாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு முறையும் சில்லு ஒரே ஒரு பூச்சியைத்தான் நகர்த்துகிறது. 55-ம் இருந்தால் எல்லாம் ஓரடி வைக்க ஏறக்குறைய ஒரு விநாடி. ஒன்றே ஒன்று மிஞ்சினால் ஒரே விநாடியில் 60 அடி. ஆட்டத்தை உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகடோ இந்த வேகத்தைத் திட்டமிட்டு வைக்கவில்லை. சில்லின் இயலாமையால் தானாக வந்தது. அதைப் பிழையென்று திருத்தாமல் அப்படியே விட்டார். விரல் நுனியில் எங்கள் உயிர் துடித்ததெல்லாம் அதனால்தான்.

முழுங்கி வேறு மாதிரி. நாம்கோ நிறுவனத்தில் டோரு இவாடானி 1980-இல் செய்தது. துரத்தும் நான்கு பேய்களுக்கும் நான்கு குணம். சிவப்பு நேராகப் பின்னால் வரும். இளஞ்சிவப்பு நாம் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். ஆரஞ்சு கிட்டே வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். இவற்றை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எட்டுப் பத்துப் பேர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, விவாதித்து, ஒரு நோட்டில் வழி வரைந்து கண்டுபிடித்தோம். ஆடுகிறவன் ஒருவன்தான், ஆட்டம் எல்லோருக்கும் சொந்தம். கட்டுரையாளர் கவலைப்படும் செல்போனில் இல்லாமல் போனது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். என் மகன் தனியாக ஜெயிக்கிறான், தனியாகத் தோற்கிறான். அவன் தோளுக்குமேல் ஒரு முகம்கூட இல்லை.

கெடுத்தது என்கிறார்களே, பாய் வைத்திருந்த சட்டம் இது: பள்ளிச் சீருடையில் வருகிறவனுக்கு மாலை நாலரைக்கு முன் டோக்கன் கிடையாது. ஒரு ரூபாய்க்கு ஒரு பித்தளை டோக்கன். ஒருவனுக்கு நாளுக்கு மூன்றுதான். தெப்ப நாட்களில் கூட்டம் சந்து முழுக்க நின்றாலும் இதில் மாற்றமில்லை. குறுவைக்கு ஊரெல்லாம் மோட்டார் ஓடும் நாட்களில் வோல்டேஜ் இறங்கித் திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கிப்போகும். ஆட்டத்தின் நடுவே மின்சாரம் நின்றால் கேட்காமலே இன்னொரு டோக்கனை எடுத்துக் கையில் வைப்பார்.

அந்த இயந்திரங்களுக்கு நினைவு கிடையாது. மின்சாரம் போனால் அதிகபட்சப் புள்ளி அழிந்து மறுபடி சுழியம். அதனால் பாய் சுவரில் ஒரு சிலேட்டை மாட்டி, பெயரையும் புள்ளியையும் சாக்பீஸால் எழுதிவைத்தார். அந்தச் சிலேட்டில் என் பெயர் பதினொரு நாள் இருந்தது. பத்தாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண் எனக்கு மறந்துவிட்டது. அந்தப் பதினொரு நாள் மறக்கவில்லை.

ஒரு குறையையும் மறைக்காமல் எழுத வேண்டும். பெண்பிள்ளைகள் அந்தக் கடைக்குள் வந்ததே இல்லை. யாரும் தடுக்கவில்லை, ஆனால் வர முடியாது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. என் தங்கை எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்தால் வாசற்படியில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருப்பாள். பெண்களும் வந்து விளையாட வேண்டும் என்று எண்ணித்தான் இவாடானி முழுங்கி ஆட்டத்தையே உருவாக்கினார் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. பத்தடி உள்ளே கூப்பிட எனக்குத் தோன்றவில்லையே.

பிறகு டிவியில் கேசட் போட்டு ஆடும் பெட்டிகள் வீடுகளுக்கு வந்தன. 1996-இல் கடை மூடப்பட்டது. முழுங்கியின் போர்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் பாய் ஊருக்குப் போனார். இப்போது அவர் இல்லை.

இதையெல்லாம் எழுதக் காரணம் ஒரு விண்ணப்பம். சென்ற வருடம் பக்கத்து ஊர் ஒன்றில் பழைய இயந்திரம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஒருநாள் பிந்திவிட்டேன். படக்குழாயின் கழுத்திலிருந்த செம்புச் சுருளைப் பிடுங்கிக்கொண்டு மற்றதை உடைத்துப் போட்டிருந்தார்கள். செம்பின் விலை எனக்குத் தெரியும், அதிலேதான் பிழைக்கிறேன். ஆனால் அந்தச் சுருளில் கிடைத்திருக்கும் காசு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது.

இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997-இல் தொடங்கிய, பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட வைக்கும் 'மேம்' என்ற மென்பொருளின் வழியாக, உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் பழைய சில்லுகளில் இருக்கும் நிரல்களைப் படியெடுத்துக் காத்துவருகிறார்கள். ஆட்டம் பிழைத்துக்கொள்ளும். திருவாரூர் ஆசாரி இழைத்த பெட்டியும், குச்சி வைத்த ராக்கெட்டும், பித்தளை டோக்கனும், சிலேட்டும் எந்த மென்பொருளிலும் கிடைக்காது. அவற்றை நாம்தான் வைத்திருக்க வேண்டும்.

தஞ்சை, நாகை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் இத்தகைய கடை வைத்திருந்தவர்கள், வேலை செய்தவர்கள், ஆடியவர்கள் தங்கள் நினைவுகளையும் படங்களையும் அனுப்பும்படி உங்கள் இதழில் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டுகிறேன். பரணிலோ மாட்டுக் கொட்டகையிலோ இயந்திரம் கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். போர்டை வெயிலில் வைக்காதீர்கள். சில சில்லுகளின் தலையில் சிறிய கண்ணாடிச் சாளரம் உண்டு, மேலே ஒட்டிய தாள் உரிந்து நாள்பட வெயில் பட்டால் உள்ளே எழுதியது அழிந்துபோகும். பழுது பார்க்க ஆள் வேண்டுமென்றால் இதழுக்கு எழுதுங்கள். நான் கருவிப் பெட்டியோடு வருகிறேன், கூலி வேண்டாம்.

என்னிடமுள்ள போர்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. தேடிக்கொண்டிருப்பது நல்ல படக்குழாய் ஒன்றைத்தான். டோக்கன் ஒன்று பத்திரமாக இருக்கிறது. மன்னார்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கைக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. முதல் ஆட்டம் அவளுடையது என்று போன வாரம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவாரூர்.