42ஆம் நாள் பார்க்க வேண்டிய குழாய்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். "காசநோய்க் கிருமியைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவி, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது எதிர்ப்புப் பெற்றிருக்கிறதா என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறதே, பிறகு எதற்கப்பா கிருமியை வளர்க்கும் குழாயை ஆறு வாரம் காத்திருந்து பார்க்க வேண்டும்?" என்று ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு ஏதோ சொல்லி வைத்தேன். அந்தப் பதில் எனக்கே நிறைவாக இல்லை என்பதால் இப்போது எழுதுகிறேன்.

அந்தக் கருவி பெரிய வரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2010இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. காலையில் சளி கொடுத்தவருக்கு மாலையே முடிவு சொல்ல முடியும் என்பதை, ஆய்வகத்தில் வாரக்கணக்கில் நோயாளிகளைக் காக்கவைத்த எங்களால் முதலில் நம்பவே முடியவில்லை. ஆனாலும் அந்தக் கருவியில் நீ வழக்கமாகப் போடும் கேட்ரிட்ஜ் என்ற சோதனைக் குப்பி, கிருமியின் ஆர்.பி.ஓ.பி. மரபணுவில் 81 கார இணைகள் கொண்ட ஒரு சிறு பகுதியை மட்டுமே பார்க்கிறது. ஐசோனியசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்து வேலை செய்யுமா என்று அது சொல்லாது. அதற்கு லைன் ப்ரோப் என்ற மரபணுச் சோதனைப் பட்டை இருக்கிறது என்றாலும், அதுவும் தனக்குத் தெரிந்த மரபணு மாற்றங்களைத்தான் காட்டும். மருந்துக்கு நடுவே கிருமி உயிரோடு வளர்கிறதா என்பதை வளர்த்துப் பார்த்தே அறிய முடியும்.

ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிக்கும்; காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். முட்டையும் மாலகைட் பச்சைச் சாயமும் சேர்த்துக் குழாயில் சாய்வாக உறையவைத்த அந்தப் பச்சைச் சாய்வில், காலிஃபிளவரைப் போலச் சொரசொரப்பாக, வெளிர்மஞ்சளாக அது முளைத்து வரும்வரை நாம் பொறுத்துத்தான் ஆக வேண்டும். மருந்து கலந்த குழாயை எடுக்கும் முன் மருந்தில்லாத கன்ட்ரோல் குழாயைப் பார். மருந்தையே காணாத கிருமிக் கூட்டத்திலும் தற்செயலாக எதிர்ப்புப் பெற்ற ஒன்றிரண்டு இருக்கும் என்பதால், மருந்துக் குழாயில் ஒரு கூட்டம் முளைத்தது என்பது மட்டும் போதாது. கன்ட்ரோலில் வளர்ந்ததோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் எதிர்ப்பு என்று எழுதுவோம். கன்ட்ரோலிலேயே சரியாக வளரவில்லை என்றால் அந்தச் சோதனை செல்லாது, திரும்பப் போடு.

என் மனத்தை இன்றும் உறுத்துகிற ஒன்றைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு நோயாளியின் முடிவை மருத்துவர் அவசரமாகக் கேட்டார். 28ஆம் நாள் ஐசோனியசிட் குழாய் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. 'சென்சிடிவ்', அதாவது கிருமி மருந்துக்குக் கட்டுப்படும், என்று எழுதி அனுப்பிவிட்டேன். 28ஆம் நாளில் 'ரெசிஸ்டன்ட்' (எதிர்ப்பு உண்டு) என்று எழுதலாம், ஆனால் 'சென்சிடிவ்' என்று எழுத 42ஆம் நாள்வரை பொறுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததன்று, அவசரத்துக்கு இணங்கினேன். 42ஆம் நாள் அதே குழாயை விளக்குக்கு எதிரே சாய்த்தபோது, சாய்வின் அடிப்பகுதியில் கடுகு கடுகாகக் கூட்டங்கள் நின்றன. கன்ட்ரோலோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டியிருந்தன. அந்த இரண்டு வாரமும் அவர் பலனில்லாத மாத்திரையை நம்பி விழுங்கியிருக்கிறார். மறுநாள் காலையில் நானே போய் மருத்துவரிடம் சொன்னேன், மருந்தை மாற்றினார்கள்.

நீ முதன்முதலில் போட்ட தொகுதிக்கு 42ஆம் நாள் எப்போது வருகிறது என்று எழுது. அன்று சாயங்காலம் நான் அழைக்கிறேன். கன்ட்ரோலில் எப்படி வளர்ந்திருக்கிறது என்பதை முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா