உதவித்தொகை வருவதற்குள் வட்டி வந்துவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சிறிய இ-சேவை மையம் நடத்துகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, கவுன்சலிங் பதிவு, உதவித்தொகை விண்ணப்பம் என்று பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள், பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ நின்றுகொண்டிருப்பார். ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் சொல்வது, திட்டங்கள் நிறைய இருக்கின்றன, மக்களுக்குத்தான் தெரிவதில்லை என்பது. என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் திட்டத்தின் பெயர் எல்லாம் அத்துப்படி. தகுதி இருக்கிறது, விண்ணப்பமும் போட்டாயிற்று, பணமும் எப்படியும் வந்துவிடும், ஆனாலும் அந்தக் குடும்பம் கடனில் விழுகிறது. ஏனென்றால் கல்லூரிக்கு ஜூன், ஜூலையிலேயே பணம் கட்ட வேண்டும், உதவித்தொகையோ பல பேருக்கு அடுத்த வருடம் பிறந்த பிறகுதான் கைக்கு வருகிறது. நடுவில் இருக்கிற அந்த மாதங்களை வட்டிக்குக் கொடுப்பவர்தான் நிரப்புகிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வருடக் கட்டணத்துக்கு 40,000 ரூபாய் குறைகிறது என்று அப்பா வெளியில் வாங்குகிறார். எங்கள் பக்கம் நூற்றுக்கு மூன்று வட்டி என்பது சர்வசாதாரணம். மாதம் 1,200 ரூபாய். பத்து மாதம் இழுத்தால் 12,000, அசல் அப்படியே நிற்கும். வருடத்துக்கு என்று பார்த்தால் 36 சதவீதம். அதே வீட்டுப் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசு படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கும் பணம் முழுவதும் வட்டிக்குப் போய், மேலே 200 ரூபாய் அந்தக் குடும்பம் கையிலிருந்து போட வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது ஒரு தந்தை வெகுநேரம் பேசவே இல்லை, பட்டறையில் கொலுசு வேலை செய்கிறவர் அவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மாத ஆயிரம் ரூபாயை நான் குறைவாக மதிக்கவில்லை. 2022 செப்டம்பரில் பெண்களுக்குத் தொடங்கி, 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று ஆண் பிள்ளைகளுக்கும் வந்தது. தொகை சின்னதுதான், ஆனால் மாதாமாதம் கணக்கில் வருகிறது என்பதால் பிள்ளைகள் அதை நம்பித் திட்டம் போடுகிறார்கள். பஸ், ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணத்துக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பது என்று பிரித்துச் செலவு செய்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய தொகையாக எப்போது வரும் என்றே தெரியாமல் வருகிற பணத்தை யாராலும் அப்படித் திட்டமிட முடியாது.

போன வருடம் ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். காபி எஸ்டேட்டில் தினக்கூலிக் குடும்பம். பழங்குடியினர் என்பதால் சாதிச் சான்றுக்குக் கோட்டாட்சியர் வரைக்கும் போக வேண்டும், அதை எப்படியோ முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் கிடைத்தது. முதலில் கட்டிவிடுங்கள், உதவித்தொகை வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள், இவர்களும் மூன்று வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டார்கள். மார்ச் வரைக்கும் பணம் வரவில்லை. இணையத்தில் பார்த்தால் அனுமதி ஆகிவிட்டது, பணமும் போய்விட்டது என்று இருக்கிறது. பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. ஆதார் இணையதளத்தில் அவளுடைய வங்கி இணைப்பைத் திறந்து பார்த்தோம். கையில் இருந்த பாஸ்புக் ஒரு வங்கி, திரையில் வந்த பெயர் வேறு ஒன்று. சிம் கார்டு வாங்கும்போது கடைக்காரர் கைரேகை வைக்கச் சொன்னாராம், அப்போதே அவள் பெயரில் ஒரு கணக்கு திறந்து அதில் ஆதாரை இணைத்திருக்கிறார்கள். கடைசியாக எந்த வங்கியில் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் அரசுப் பணம் போகும். பணம் பத்திரமாக இருந்தது, எடுத்தும் கொடுத்தோம். அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏனுங்க, அப்ப இத்தன மாச வட்டிய யாருங்க குடுப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் குடும்பம் அந்தப் பணத்தைக் கட்டியிருக்கவே தேவையில்லை என்பது இன்னும் வேதனை. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களில் குடும்ப வருமானம் அரசு சொன்ன வரம்புக்குள் இருந்து, அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012-ல் அரசாணை 92 வந்தது. மத்திய அரசும் 2021 முதல் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகை வழிகாட்டுதலில், முன்பணம் கட்டாமலேயே சேர்ந்துகொள்ள ஒரு அட்டை தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற படிப்புகளில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசுடையது, அது 2021-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. காகிதத்தில் இவ்வளவும் இருக்கிறது. கல்லூரி அலுவலக ஜன்னலில் போய் நின்றால் மட்டும் "இப்ப கட்டுங்க, அப்புறம் வாங்கிக்கலாம்" என்கிறார்கள். அந்த ஜன்னலில் நின்று அரசாணை எண்ணைச் சொல்லி வாதாட, பதினேழு வயதுப் பெண்ணாலும் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாலும் முடியுமா?

அடுத்தது, மொத்தச் செலவு. சேருவதற்கு முன்னால் எந்தக் கல்லூரியும் நான்கு வருடத்துக்கும் சேர்த்து ஒரே தாளில் கணக்குத் தருவதாக நான் பார்த்ததில்லை. கட்டண நிர்ணயக் குழு விதித்த தொகை ஒன்று இருக்கும், அதற்கு மேல் பஸ், விடுதி, சீருடை, லேப், பயிற்சி, "இதர" என்று தனித்தனி ரசீதாக வரும், சிலதுக்கு ரசீதே வராது. முதல் வருடம் எப்படியோ புரட்டிக் கட்டிவிட்டு, இரண்டாம் வருடத்தில் இந்த "இதர"வில்தான் குடும்பங்கள் திணறுகின்றன. இடையில் வேறு நல்ல இடம் கிடைத்து மாற நினைத்தால், கட்டிய பணமும் வராது, சான்றிதழும் தர மாட்டோம் என்பார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. 2024-25 கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுத் தொகையையும், அக்டோபர் 31-க்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியையும் திருப்பித் தர வேண்டும் என்று சொன்னது. இந்த மாதிரி வருடா வருடம் வரும் விதியை, தேதிகளோடு, கல்லூரி வாசலில் தமிழில் எழுதி ஒட்டினால் எத்தனை பேர் பிழைப்பார்கள்.

கல்விக் கடன் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கண்டு பயந்துதான் எங்கள் மக்கள் மூன்று வட்டியிடம் போகிறார்கள். வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் வேண்டாம். கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு அரசு நிதியம் ஈடு செய்கிற உத்தரவாத நிதித் திட்டத்தில் வந்தால் ஏழரை லட்சம் வரைக்கும் அடமானமோ மூன்றாவது ஆள் ஜாமீனோ வேண்டாம். ஒரு பிள்ளை வருடம் ஒரு லட்சம் வீதம் நான்கு வருடம் வாங்குகிறது, வட்டி 10 சதவீதம், படிப்பு முடிந்து ஒரு வருடம் அவகாசம் என்று வைத்துக்கொள்வோம். தனி வட்டியாகப் பார்த்தால், திருப்பிக் கட்டத் தொடங்கும்போது வட்டி மட்டும் 1,40,000 சேர்ந்திருக்கும். பெரிய தொகைதான். ஆனால் குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழில்நுட்பப் படிப்போ தொழிற்படிப்போ படித்தால், அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டுகிற மானியத் திட்டம் 2009-லிருந்து இருக்கிறது. வருமானச் சான்றை வங்கியில் சரியான நேரத்தில் கொடுத்து மானியத்துக்குப் பதிவு செய்தால்தான் அது கிடைக்கும். கடன் வாங்கிய பிறகு அந்தப் பக்கமே போகாமல் மானியத்தை விட்டுவிட்ட பிள்ளைகள் என் கடைக்கே வந்திருக்கிறார்கள், முழு வட்டியும் தலையில் விழுந்த பிறகு. அப்புறம், கிளையில் வாய்வார்த்தையாக "இங்கே கொடுப்பதில்லை" என்று அனுப்பிவிட்டால் அதோடு திரும்பி வந்துவிடக் கூடாது. மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டதாலேயே விண்ணப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

உடனடியாகக் கொஞ்சம் பணம் வேண்டும் என்றால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகையை வைப்பது எவ்வளவோ மேல். பொதுவாக அங்கே ஒரு ரூபாய் வட்டிக்கும் கீழேதான் வரும். வீட்டில் ஒரு ஜோடி தோடு இருந்தும் அதை வைக்க மனமில்லாமல் மூன்று வட்டிக்கு வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது மனசு அடித்துக்கொள்கிறது எனக்கு.

பிள்ளைகள் ஊதாரித்தனமாகச் செலவு செய்கிறார்கள், போன் வாங்குகிறார்கள் என்று பெரியவர்கள் குறை சொல்வதையும் கேட்கிறேன். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் இலை போட்டு, பந்தி பரிமாறி, அந்தக் கூலியில் செமஸ்டர் கட்டணம் கட்டுகிற பையன்கள் இந்த ஊரில் நிறைய பேர். இரவெல்லாம் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோர்த்துவிட்டுக் காலையில் கோரிமேடு மகளிர் கல்லூரிக்குப் போகிற பெண்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குச் சிக்கனம் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் கடன் செயலி விஷயத்தில் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள், வீட்டில் கேட்க மனம் வரவில்லை, போனில் ஐந்து நிமிடத்தில் 3,000 ரூபாய் வருகிறது. ஒரு வாரத்தில் இரட்டிப்பாகக் கேட்டு, போனில் இருக்கிற எல்லா நம்பருக்கும் அசிங்கமாகப் பேசுகிறார்கள். 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, முறையான கடன் செயலி உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடவே கூடாது. கடன் தருவதற்கு முன்பே மொத்த வட்டி விகிதத்தையும் எழுதிக் காட்ட வேண்டும். இரண்டும் இல்லாத செயலி என்றால் உடனே நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், அம்மா அப்பாவிடமும் சொல்லுங்கள். பயந்துகொண்டு இன்னொரு செயலியில் வாங்கி முதலாவதை அடைக்காதீர்கள். அப்படிப் போன ஒரு பையன் கடைசியில் படிப்பையே நிறுத்திவிட்டான்.

மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது ரொம்பப் பெரியது இல்லை. நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி நடத்துகிறார்கள், எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று அருமையாகச் சொல்கிறார்கள். அதில் ஒரு மணி நேரம் பணத்துக்கு ஒதுக்குங்கள். அன்றைக்கே ஒரு மேசை போட்டு ஒவ்வொரு பிள்ளையின் ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம், ஓடிபி வந்தால் இரண்டு நிமிட வேலை, காசும் செலவில்லை. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்புக்கில் இரண்டும் இல்லை என்கிற பெயர்ச் சிக்கலையும் பிளஸ் டூ படிக்கும்போதே சரிசெய்துவிட்டால் ஜூலையில் ஓட வேண்டியதில்லை. வருமானச் சான்றுகளைக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று ஒவ்வொரு மேசையிலும் தேங்கவிடாமல் மே மாதத்தில் தனிக் கவனம் கொடுத்து முடித்துத் தரலாம், குறிப்பாக ஏற்காடு தாலுகாவில், ஏனென்றால் அங்கே ஒரு கையெழுத்துக்காக ஒரு நாள் கூலி போகிறது. கல்விக் கடன் முகாம்களையும் கல்லூரி திறப்பதற்கு முன்பே வையுங்கள்.

அதோடு, உதவித்தொகை விண்ணப்ப எண்ணைக் காட்டினால் அது வருகிற வரைக்கும் கட்டணத்துக்கு வட்டியில்லாமல் ஒரு தொகையை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி மூலமாகத் தர முடியுமா என்று ஆட்சியர் அவர்கள் யோசிக்க வேண்டும். உதவித்தொகை வந்ததும் அதில் கழித்துக்கொள்ளட்டும். அதுவும் முடியாது என்றால், உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பிள்ளைகளிடம் பணம் வரும்வரை கட்டணம் கேட்கக் கூடாது என்று மாவட்டத்தில் உள்ள எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கையாவது அனுப்பட்டும். அந்தச் சுற்றறிக்கையை நானே அச்செடுத்துக் கடைக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன்.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். மே மாதம் பிறந்ததும், எந்த உதவித்தொகைக்கு எந்தத் தேதியில் விண்ணப்பம் திறக்கிறது, என்று மூடுகிறது, என்னென்ன சான்று வேண்டும் என்று அரைப் பக்கம் போடுங்கள். கடைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.