இருண்ட பக்கங்களையும் எழுது, மகளே

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். மற்ற செய்திகளை அம்மா தனியாக எழுதுவாள். நான் நேராக நீ கேட்ட விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சபை வரலாற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ஜெனீவாவில் உபதேச வேறுபாட்டுக்காக செர்வேட்டஸ் என்பவரை உயிரோடு எரித்ததைப் படித்த நாளிலிருந்து பேனாவை எடுக்கவே மனம் வரவில்லை என்கிறாய். போதாததற்கு, இதையெல்லாம் எழுதினால் விசுவாசத்தில் பலவீனமானவர்கள் இடறிப்போவார்கள் என்று மூத்தவர் ஒருவரும் உன்னிடம் சொல்லியிருக்கிறார். நான் சொல்ல வருவது இதுதான்: நிறுத்தாதே. அந்தப் பக்கங்களையும் படி, அவற்றையும் எழுது. அன்போடு எழுது, ஆனால் மறைக்காமல் எழுது.

அந்த மூத்தவர் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார், அதை மதி. ஆனால் வேதம் அப்படி எழுதப்படவில்லையே, அம்மா. 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தையும் 1 நாளாகமம் 20ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார். இரண்டும் ஒரே மாதிரி தொடங்கும். ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலம், யோவாப் படையோடு புறப்படுகிறான், தாவீது எருசலேமில் தங்கிவிடுகிறான். சாமுவேலில் அதற்கு அடுத்தது பிறன் மனைவியான பத்சேபாளைத் தாவீது எடுத்துக்கொள்வது, அதற்கு அடுத்தது அவள் கணவன் உரியாவின் கொலை, பிறகு தீர்க்கதரிசி நாத்தான் வந்து ராஜாவின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்வது. நாளாகமத்தில் இவை எதுவும் கிடையாது. தாவீது தங்கினான், ரப்பா பட்டணம் பிடிபட்டது என்று கதை மேலே போய்விடுகிறது. நாளாகமத்தை எழுதியவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு மறுபடி எழும்ப வேண்டியிருந்த ஜனத்துக்கு ஆலயத்தையும் ஆராதனையையும் நினைவூட்டுவது அவருடைய வேலை. ஆனால் சாமுவேலும் அதே வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது. யாரும் அதைக் கிழித்து எறியவில்லை. மத்தேயு ஒரு படி மேலே போய், இயேசுவின் வம்ச வரலாற்றிலேயே சாலொமோனின் தாயை உரியாவின் மனைவியாக இருந்தவள் என்று எழுதி வைத்தார். முதல் அதிகாரம், 6ஆம் வசனம். மறைப்பதற்கு அதைவிட வசதியான இடம் கிடைத்திருக்காது. அவர் மறைக்கவில்லை.

நம்முடைய வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் அந்தத் துணிச்சலோடு எழுதவில்லை. 4ஆம் நூற்றாண்டில் சபையின் கதையை முதன்முதலாகப் பெரிய அளவில் தொகுத்தவர் செசரியாவின் யூசேபியஸ். அவர் இல்லையென்றால் முதல் மூன்று நூற்றாண்டுகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்திருக்காது. ஆனால் ரோம அரசு சபையைத் துன்புறுத்திய பெரிய உபத்திரவக் காலத்துக்கு வரும்போது, அதில் பயந்து விசுவாசத்தை மறுதலித்து விழுந்துபோனவர்களைப் பற்றி எழுதப்போவதில்லை, நமக்கும் பின்னால் வருபவர்களுக்கும் பயன்படுவதை மட்டும் எழுதுகிறேன் என்று அவரே சொல்லிவிடுகிறார். அவர் மேல் எனக்கு நிறைய நன்றி உண்டு. ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு மனம் தாங்காது. பயந்து விழுந்து, அப்புறம் அழுதுகொண்டே திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பேதுரு இயேசுவை மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் எழுதியிருக்கின்றன. அதைப் படித்துப் பலப்பட்டவர்களுக்குக் கணக்கு உண்டா? பலவீனமானவர்களுக்குத்தான் அந்தக் கதைகள் அதிகம் தேவை.

சரி, செர்வேட்டஸுக்கு வருவோம். நீ படித்தது உண்மைதான், அதைக் குறைத்துச் சொல்ல நான் முயற்சி செய்யமாட்டேன். மிகுவேல் செர்வேட்டஸ் ஸ்பெயின் தேசத்து மருத்துவர். நுரையீரல் வழியாக இரத்தம் போய்வருவதை ஐரோப்பாவில் முதலில் அச்சில் எழுதியவர் அவர்தான், அதுவும் ஒரு இறையியல் புத்தகத்துக்குள். திரித்துவ உபதேசத்தை அவர் மறுத்தார், அந்த விஷயத்தில் அவர் சொன்னது தவறு என்றே நானும் நம்புகிறேன். 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவுக்கு வெளியே சாம்பெல் என்ற இடத்தில் அவரை உயிரோடு எரித்தார்கள். தீர்ப்புச் சொன்னது நகர மன்றம். குற்றச்சாட்டைத் தயாரித்ததில் ஜெனீவாவின் சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வினுக்கு முக்கியப் பங்கு இருந்தது. எரிக்க வேண்டாம், தலையை வெட்டுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார் என்பதும் உண்மை. அது அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது.

ஆனால் நீ அந்த நெருப்போடு புத்தகத்தை மூடிவிட்டாய் என்று நினைக்கிறேன். இன்னும் கொஞ்சம் படி. செபாஸ்டியன் காஸ்டெல்லியோ என்று ஒருவர் இருந்தார். முன்பு ஜெனீவாவில் பள்ளி நடத்தியவர், வேதத்தை லத்தீனிலும் பிரெஞ்சிலும் மொழிபெயர்த்தவர். அவர் எழுந்து, ஒரு மனிதனைக் கொல்வது உபதேசத்தைக் காப்பதாகாது, அது ஒரு மனிதனைக் கொல்வதுதான் என்று எழுதினார். அந்த வார்த்தை அவர் உயிரோடு இருக்கும்வரை அச்சில் வரவில்லை. 1612இல்தான் வந்தது. எழுதி வைத்தாரே, அதுதான் விஷயம். பிறகு 1903இல், செர்வேட்டஸ் இறந்த 350ஆம் ஆண்டில், அதே சாம்பெலில் ஒரு கல் நட்டார்கள். நட்டவர்கள் கால்வினின் எதிரிகள் அல்ல. தாங்கள் கால்வினின் நன்றியுள்ள பிள்ளைகள் என்றும், அவருடைய காலத்தின் தவறாக இருந்த அந்தத் தவறைக் கண்டிக்கிறோம் என்றும் அவர்கள் அந்தக் கல்லில் பொறித்து வைத்தார்கள். நன்றியும் கண்டனமும் ஒரே கல்லில். நீ எழுத வேண்டியது அந்த மாதிரி. "காலத்தின் தவறு" என்பது கால்வினுக்குக் கொஞ்சம் சலுகை காட்டுகிறது என்று எனக்குத் தோன்றும், ஏனென்றால் காஸ்டெல்லியோவும் அதே காலத்தில்தான் வாழ்ந்தார். இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

ஜெர்மனியின் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1543இல் யூதர்களுக்கு எதிராக எழுதியதையும் கேட்டிருந்தாய். அதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொன்ன எழுத்து அது. படித்துவிட்டு வெட்கப்படு, வெட்கப்பட்டேன் என்று எழுது. ரோமர் நிருபத்தைத் திறந்து காட்டியதும் அதே கைதான் என்பதையும் சேர்த்து எழுது.

விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த பெர்பெத்துவாவைப் பற்றி நீ எழுதியிருந்த நான்கு பக்கங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நன்றாக வந்திருக்கிறது. 203ஆம் ஆண்டின் கார்த்தேஜ், இருபத்திரண்டு வயதுப் பெண், கையில் பால்குடிக்கிற குழந்தை, சிறைக்குள் அவள் தன் கையாலேயே எழுதிய குறிப்புகள், எல்லாம் இருக்கிறது. ஆனால் அவளுடைய தகப்பனை நீ இரண்டு வரியில் முடித்துவிட்டாய். விசுவாசத்துக்குத் தடையாக வந்தவர் என்று எழுதிவிட்டுப் போய்விட்டாய். ஒரு மகளின் தகப்பனாக நான் அதைப் படிக்கும்போது அந்த மனிதரைத் தாண்டிப் போக முடியவில்லை.

மூலத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார். அவர் திரும்பத் திரும்ப வருகிறார். முதலில் கோபத்தோடு, அவள் மேலே பாய்கிற மாதிரி. அடுத்த தடவை நரைத்த தலையைக் காட்டி, அவள் கைகளை முத்தமிட்டு, காலில் விழுந்து கெஞ்சுகிறார். விசாரணை நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, இவன்மேல் இரக்கம் வை என்கிறார். அதிகாரி ஹிலாரியானஸ் அவரைக் கோலால் அடிக்கச் சொல்கிறான். அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல வலித்தது என்று பெர்பெத்துவா எழுதுகிறாள். வீட்டில் அவர் ஒருவர்தான் தன் பாடுகளைக் குறித்து மகிழமாட்டார் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அவள் அவரை வெறுக்கவில்லை. அவர் முதுமையை நினைத்து வருந்தினாள், ஆனாலும் தன் சாட்சியை மாற்றவில்லை. அவளுடைய உறுதி எவ்வளவு பெரியது என்பது அந்தக் கிழவரைச் சரியாக எழுதினால்தான் தெரியும். அவரை வில்லனாக்கிவிட்டால் அவள் கடந்துபோனது சின்னதாகிவிடும்.

அப்புறம் அந்தக் குறிப்புகளை முடித்த ஆளைக் கவனித்தாயா? கொல்லப்படவிருந்த அரங்கத்துக்குப் போவதற்கு முந்தின நாள்வரை தான் எழுதியதாகவும், அரங்கத்தில் நடப்பதை விருப்பமுள்ளவர் எழுதட்டும் என்றும் சொல்லிப் பெர்பெத்துவா நிறுத்துகிறாள். யாரோ ஒருவர் எழுதினார். மார்ச் 7 அன்று நடந்ததும், அவளோடு இறந்த பெலிசித்தா என்ற அடிமைப் பெண் சிறையில் பிள்ளை பெற்றதும், அந்தப் பிள்ளையை ஒரு சகோதரி எடுத்து வளர்த்ததும் அவர் எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது. அவர் பெயர் அதில் இல்லை. உன்னைப்போல எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு அவரைவிட நல்ல முன்னோடி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

படிப்பதாலும் எழுதுவதாலும் என்ன ஆகிவிடப்போகிறது என்றும் கேட்டிருக்கிறாய். இதைக் கேள். பவுல் ரோமருக்குச் சொல்லச் சொல்ல எழுதியவன் தெர்தியு. 16ஆம் அதிகாரத்தில் தன் வாழ்த்தையும் ஒரு வசனமாகச் சேர்த்துவிட்டான். 386இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த, பிற்காலத்தில் பெரிய சபைப் போதகரான அகஸ்டின் கையில் எடுத்துத் திறந்தது அந்த நிருபத்தின் 13ஆம் அதிகாரம். அதற்குக் கொஞ்சம் முன்புதான், எகிப்தின் பாலைவனத் துறவி அந்தோணியாரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்து அரசாங்க வேலையை விட்ட இரண்டு அதிகாரிகளைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். அகஸ்டினின் பெயரைத் தாங்கிய துறவு சபையிலிருந்து லூத்தர் வந்தார், அதே ரோமர் நிருபத்தில் கதவு திறந்தது. லூத்தர் ரோமருக்கு எழுதிய முன்னுரையை 1738 மே 24 அன்று லண்டனில் ஒருவர் வாசிக்க, கேட்டுக்கொண்டிருந்த, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் இருதயம் அனலானது. லூத்தரின் கலாத்தியர் விளக்கவுரை, தொட்டால் உதிரும் ஒரு பழைய பிரதி, ஜான் பன்யனின் கையில் கிடைத்தது. வேதத்துக்கு அடுத்தபடி தனக்குப் பிடித்த புத்தகம் அதுதான் என்று அவர் எழுதினார். அந்தப் பன்யன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணம் என்ற பயணக் கதையைப் படித்துத்தான், வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை நம் தமிழில் இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். 1894இல் அது அச்சானது. தெர்தியுவிலிருந்து கிருஷ்ண பிள்ளைவரை வருகிற இந்த வரிசையில் ஒரே ஒருவர் படிக்காமல் இருந்திருந்தால்? எழுதச் சோம்பியிருந்தால்?

வில்லியம் டின்டேலையும் சொல்லிவிடுகிறேன். வேதத்தை ஆங்கிலத்தில் கொடுத்ததற்காகச் சிறையில் அடைக்கப்பட்டு, 1536இல் கொல்லப்பட்டார். குளிர்காலத்தில் சிறையிலிருந்து அவர் எழுதிய ஒரு கடிதம் இன்னும் இருக்கிறது. கதகதப்பான தொப்பி, மேலாடை, மாலையில் ஒரு விளக்கு கேட்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக எபிரெய வேதாகமமும் இலக்கணமும் அகராதியும் வேண்டும் என்கிறார். 2 தீமோத்தேயு 4:13ஐ எடுத்துப் பார். பவுலும் கடைசி நாட்களில் மேலங்கியைக் கேட்கிறார், புஸ்தகங்களைக் கேட்கிறார், தோற்சுருள்களை விசேஷமாகக் கேட்கிறார். சாவு தெரிந்த பிறகும் இருவருக்கும் படிப்பு மிச்சமிருந்தது.

இனி வேலை விஷயம். எதை எங்கே படித்தாய் என்று ஓரத்தில் குறித்து வை. 731இல் ஆங்கில சபையின் வரலாற்றை முடித்த பீட் என்ற துறவி, எந்தச் செய்தியை யாரிடமிருந்து பெற்றேன் என்று முன்னுரையிலேயே பெயர் சொல்லி எழுதினார். லூக்காவும் அப்படித்தான், எல்லாவற்றையும் ஆதியிலிருந்து விசாரித்து எழுதுவதாகத் தெயோப்பிலுவுக்குச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். ஒருவரைப் பற்றி எழுதும் முன் அவரே எழுதியதைக் கொஞ்சமாவது படி. மற்றவர்கள் அவரைப் பற்றிச் சொன்னதை அதற்குப் பிறகு வைத்துக்கொள். தவறாக எழுதிவிடுவேனோ என்று பயந்து உட்கார்ந்திருக்காதே. அகஸ்டின் எழுபது வயதைத் தாண்டிய பிறகு தன் புத்தகங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே திருத்த வேண்டும் என்று தனியாக ஒரு புத்தகமே எழுதினார். உனக்கு அதற்கெல்லாம் நிறையக் காலம் இருக்கிறது.

படிக்கிற மும்முரத்தில் ஜெபத்தை விட்டுவிடாதே. தூக்கத்தையும் விடாதே, இது அம்மா சொல்லச் சொன்னது.

செர்வேட்டஸைப் பற்றி எழுதத் தொடங்கினால் அடித்தல் திருத்தலோடு அப்படியே எனக்கு அனுப்பு. காஸ்டெல்லியோவுக்குக் கட்டாயம் இடம் ஒதுக்கு. பெர்பெத்துவாவின் தகப்பனை எழுதும்போது அவசரப்படாதே. அந்த மூத்தவருக்கும் ஒரு பிரதி கொடுத்துப் படிக்கச் சொல், அவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

அன்புடன்,
அப்பா