ஸ்கைடைவிங் விமானங்களை அபாயகரமாக ஓட்டும் வழக்கத்தைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்: ஒன்பது ஆண்டுகளாகப் பாராசூட்டில் குதித்துவரும் வீரர்
பெறுநர்: உயர்திரு விமானப் பாதுகாப்பு இயக்குநர் அவர்கள்

ஐயா,

வணக்கம். குதிப்பதில் உள்ள ஆபத்தைத் தெரிந்தேதான் ஏற்றிருக்கிறேன். ஆனால் கதவு திறக்கும்வரை என் உயிர் விமானியின் கையில் இருக்கிறது. அங்கே நடப்பதைத்தான் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

சென்ற மாதம் சுமார் 13,000 அடியில் குதித்தோம். பாராசூட் விரிந்து நான் தொங்கிக்கொண்டிருந்தபோது, எங்களை ஏற்றி வந்த விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து, சுழன்றபடி எனக்குக் கீழே பாய்ந்தது. நான் தரையிறங்குவதற்குள் அடுத்த குழு அதில் ஏறத் தொடங்கிவிட்டது. இறங்கியதும் அதனுள் எட்டிப் பார்த்தேன், எரிபொருள் முள் அடிக்கோட்டை ஒட்டி நின்றது. "இன்னும் ஒரு நடைக்குத் தாங்கும்" என்றார் விமானி. அந்த இளைஞர் கெட்டவர் அல்லர். பல இடங்களில் நடைக்கு இவ்வளவு என்றே சம்பளம். சீக்கிரம் இறங்கினால் கூடுதல் நடை. பாரம் குறைந்தால் வேகமாக மேலேறலாம் என்று எரிபொருளையும் குறைத்தே நிரப்புகிறார்கள். வேக வரம்பை மீறிப் பாயும் விமானத்தின் இறக்கை எவ்வளவு நாள் தாங்கும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

2019 ஜூன் 21 அன்று ஹவாயின் ஓவாஹு தீவில், வீரர்களுடன் கிளம்பிய விமானம் சில நொடிகளில் விழுந்து 11 பேரும் இறந்தனர். புறப்பட்டதும் விமானி அதை மூர்க்கமாகத் திருப்பியதே காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. பழைய விபத்தொன்றில் முறுக்கிக்கொண்ட இடது இறக்கை சரிசெய்யப்படாமலேயே பறந்ததும் தெரியவந்தது. இதே வாரியம் 2008-லேயே, 1980 முதல் பாராசூட் வீரர்களை ஏற்றும் விமானங்களின் 32 விபத்துகளில் 172 பேர் மாண்டதாக எழுதி எச்சரித்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற வீரர்கள்.

எனவே, வீரர்களை ஏற்றும் ஒவ்வொரு விமானத்திலும் வேகத்தையும் உயரத்தையும் பதியும் கருவியைக் கட்டாயமாக்கி, அப்பதிவுகளை முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டுகிறேன். ஒவ்வொரு நடைக்கும் முன் எரிபொருள் அளவை எழுதிக் கையெழுத்திட வேண்டும். நடைக்கணக்குச் சம்பளத்தை நிறுத்த வேண்டும். மற்றவை எல்லாவற்றையும்விட இதுவே அவசரம். குதிக்கும் நேரத்தில் எல்லோரும் கதவருகே நெருங்க, வால் பக்கம் பாரம் கூடி விமானம் தடுமாறலாம். இதைச் சமாளிக்க விமானிகளுக்கு ஆண்டுதோறும் தனிப் பயிற்சியும் தேர்வும் தேவை.

நான் பார்த்ததை எழுத்து வாக்குமூலமாகத் தரவும், விசாரணைக்கு நேரில் வரவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்