ஓரம் நறுக்கிய தபால்தலை இணையை 1910-ஆம் ஆண்டுச் சுருள் தபால்தலை என விற்றது தொடர்பான புகார்

அனுப்புநர்:
தங்கள் அயல்நாட்டுத் தபால்தலை ஏலத்தின் வாடிக்கையாளர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்கள்,
தபால்தலை ஏலப் பிரிவு.

பொருள்: அமெரிக்கா, 1910, 2 சென்ட் வாஷிங்டன், ஸ்காட் எண் 388 என விற்கப்பட்ட இணை – பணத்தைத் திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்தின் சென்ற அயல்நாட்டுத் தபால்தலை ஏலத்தில், அமெரிக்காவின் 1910-ஆம் ஆண்டு 2 சென்ட் சிவப்பு வாஷிங்டன் சுருள் தபால்தலை (இயந்திரங்களுக்காகப் பட்டையாக வெட்டிச் சுருட்டியது), ஸ்காட் என்ற தபால்தலை விவரப் பட்டியலில் எண் 388, பயன்படுத்தப்படாத இணை (பிரிக்கப்படாத இரு தபால்தலைகள்), அசல் கோந்துடன் கூடியது என்று பட்டியலில் விவரிக்கப்பட்ட பொருளை நான் ஏலத்தில் எடுத்து, முழுத் தொகையையும் உரிய நாளில் செலுத்தினேன். அந்த இணை எண் 388 அன்று. அதே ஆண்டில் சுருளாக அன்றித் தாளாக வெளியிடப்பட்ட சாதாரணத் தபால்தலையான எண் 375-இன் ஓரத்துத் துளைகளை நறுக்கி நீக்கிச் சுருள் தபால்தலை போலக் காட்டப்பட்டது என்பதை அமெரிக்காவிலுள்ள நிபுணர் குழு ஒன்று எழுத்து மூலம் உறுதி செய்துள்ளது. அந்தச் சான்றிதழின் நகலை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில் எனக்கு மிகுந்த வருத்தத்தை அளித்ததால், விவரமாக இந்தப் புகாரை எழுதுகிறேன்.

தங்கள் பதிலில் மூன்று வாதங்கள் உள்ளன. நீர்க்குறி (தாளுக்குள் மங்கலாகப் பதிந்த எழுத்துக்குறி) சரியாக இருக்கிறது, துளைகள் இரண்டு சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் சரியாக இருக்கின்றன, ஆகவே பொருள் அசல்தான் என்பது முதலாவது. பார்வைக்கு 388 போலவே இருக்கும்போது சேகரிப்பாளருக்கு இதில் என்ன இழப்பு என்பது இரண்டாவது. திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்துவிட்டது என்பது மூன்றாவது. இவற்றுள் முதல் வாதமே அடிப்படையானது என்பதால் அதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1908 முதல் வெளிவந்த வாஷிங்டன், ஃபிராங்கிளின் வரிசைத் தபால்தலைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை. ஊதோன் என்ற பிரெஞ்சுச் சிற்பி வடித்த வாஷிங்டன் சிலை போன்ற மார்பளவுச் சிலைகளை அடியொற்றி, கிளேர் ஆப்ரி ஹஸ்டன் வரைந்த ஒரே வடிவமே ஆண்டுக்கணக்கில் அச்சிடப்பட்டது. அவற்றைப் பிரித்தறிய உதவுபவை தாளும், நீர்க்குறியும், துளையீடும், அச்சுமுறையும் மட்டுமே. 1910 வரை இரட்டைக் கோட்டு எழுத்துகளில் நீர்க்குறி இருந்தது. அந்த ஆண்டில் அது ஒற்றைக் கோட்டு எழுத்துகளுக்கு மாறியது. 1916-இல் நீர்க்குறியே கைவிடப்பட்டது. தாள் தபால்தலைகளின் துளையீடு 12-இலிருந்து 1914-இல் 10-க்கும், பிறகு 1917-இல் 11-க்கும் மாறியது. இத்தனை மாற்றங்களால்தான், ஒரே முகம் கொண்ட தபால்தலைகளில் ஒன்று சில்லறைக் காசுக்கும் மற்றொன்று ஒரு மாதச் சம்பளத்திற்கும் விற்கிறது. இந்த வரிசையை விற்கும் நிறுவனத்திற்கு இது பாலபாடம்.

எண் 375-ம் எண் 388-ம் ஒரே காலத்தில், ஒரே ஒற்றைக் கோட்டு நீர்க்குறித் தாளில், ஒரே மையில் அச்சிடப்பட்டவை. முதலாவதற்கு நான்கு பக்கமும் 12 துளையீடு உண்டு. இரண்டாவதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் மட்டுமே 12 துளையீடு. மேலும் கீழும் கத்தியால் வெட்டிய நேர் ஓரம். ஆகவே 375-இன் மேல் கீழ்த் துளைகளை நறுக்கிவிட்டால் எஞ்சுவதில் நீர்க்குறி அசல், பக்கத் துளைகள் அசல், கோந்தும் அசல். தாங்கள் சரிபார்த்ததாகச் சொல்லும் ஒவ்வொன்றும் போலியிலும் சரியாகவே இருக்கும். நீர்க்குறியும் பக்கத் துளைகளும் 388-ஐ 375-இலிருந்து பிரித்துக் காட்ட மாட்டா என்பது இந்தத் துறையில் சில காலம் பழகிய எவருக்கும் தெரிந்தது.

பிரித்துக் காட்டுவது உயரமும் ஓரமும். சுருளுக்கான தாள் இரண்டு வரிசைகளுக்கு நடுவே வெட்டப்பட்டது. அதனால் அசல் சுருள் தபால்தலை வரிசை இடைவெளியின் முழு உயரத்தையும் பெற்றிருக்கும். தாள் தபால்தலையின் துளைகளை மறைக்க நறுக்குகிறவர் துளையின் அடிவரை கத்தியைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதால், ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரை இழந்தே ஆக வேண்டும். என்னிடம் எண் 393-இன் ஐயமற்ற இணை ஒன்று உண்டு. அதே ஆண்டு, அதே நீர்க்குறி, அதே 2 சென்ட், பக்கத் துளையீடு மட்டும் 8½. தங்களிடம் வாங்கிய இணையை அதன் அருகில் வைத்தபோது அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக உயரம் குறைவது கண்ணுக்கே தெரிந்தது.

தாங்கள் விற்ற இணையின் மேல் ஓரத்தில் நறுக்கிய தடயம் எதுவும் இல்லை. அது இயற்கையான நேர் ஓரம். நானூறு தபால்தலைகள் கொண்ட அச்சுத் தாளை நூறு நூறாக நான்காகப் பிரித்தபோது உள்பக்க ஓரத்தில் இருந்த தபால்தலைகளுக்கு ஒரு பக்கம் துளையின்றியே அமைந்தது. அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் இவற்றை விரும்பாததால் இவை மலிவாகவே கிடைத்தன. ஒரு பக்கம் ஏற்கெனவே நேராக இருக்கும் தபால்தலையில் மறுபக்கத்தை மட்டும் நறுக்கினால் போதும் என்பதால் மோசடி செய்பவர்கள் தேடிப் பிடிப்பதும் இவற்றைத்தான். தாங்கள் விற்ற இணையின் கீழ் ஓரம் மேல் ஓரத்துக்கு இணையாக இல்லை; இடமிருந்து வலமாகச் சற்றே இறங்குகிறது. கத்தி கீழே இறங்கிய வலது மூலையில், சாய்ந்த வெளிச்சத்தில் பத்து மடங்கு உருப்பெருக்கியால் பார்த்தால், நீக்கப்பட்ட துளைகளின் அடிவளைவு இரண்டு இடங்களில் மெல்லிய குழிவாகத் தெரிகிறது. நிபுணர் குழுவின் சான்றிதழ் சொல்வதும் இதையேதான். தங்கள் பட்டியலின் படத்தில் அந்த மூலை கறுப்புப் பின்னணியோடு கலந்து மங்கியிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

"இணையாக இருப்பதால் ஐயத்திற்கு இடமில்லை" என்றும் பட்டியலில் எழுதியிருந்தீர்கள். துளையே இல்லாத எண் 384-இல் பக்கத் துளைகளைப் புதிதாகக் குத்தி 388 ஆக்கும் மோசடிக்கு எதிராக வேண்டுமானால் இணை ஓரளவு பயன்படும். நடுவிலுள்ள வரிசையைச் சரியான இடைவெளியில் நேராகக் குத்துவது கடினம். ஆனால் 375-ஐ நறுக்கும் மோசடிக்கு இணையாக இருப்பது எந்தத் தடையும் இல்லை. அந்த ஒரு வரியை நம்பியே என்னைப் போன்ற பலர் துணிந்து ஏலம் கேட்டிருப்பார்கள்.

இனி, பார்வைக்கு ஒன்றுதானே என்ற தங்கள் இரண்டாவது வாதம். ஒரு தபால்தலை வணிக நிறுவனத்தின் கடிதத்தில் இந்த வரியைப் படிக்க நேர்ந்தது என்னை உண்மையிலேயே புண்படுத்தியது. அழகுக்காக என்றால் யாரும் 388-ஐ வாங்க மாட்டார்கள். அதே அழகு 375-இலும் உண்டு, விலையோ மிகக் குறைவு. சேகரிப்பாளர் மதிப்பது அந்தத் தபால்தலை எதற்காக உண்டாக்கப்பட்டது, எப்படிச் செய்யப்பட்டது, எத்தனை எஞ்சியது என்பவற்றை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் காசு போட்டால் தபால்தலை தரும் இயந்திரங்களும், உறைகளில் தானாக ஒட்டும் இயந்திரங்களும் அமெரிக்காவில் பரவத் தொடங்கின. டெட்ராய்ட்டின் ஷெர்மேக் போன்ற தனியார் நிறுவனங்கள் துளையற்ற தாள்களை வாங்கித் தம் இயந்திரத்துக்கு ஏற்பத் தாமே துளையிட்டுக்கொண்டன. அவ்வாறு சென்ற 1908-ஆம் ஆண்டின் துளையற்ற 4 சென்ட் கிராண்ட் (அதிபர் கிராண்ட்டின் உருவம் கொண்ட தபால்தலை) இன்று பெரிய அரியவற்றுள் ஒன்று. பிறகு அரசு அச்சகமே சுருள்களைத் தயாரித்தது. சமதட்டு அச்சில் அடித்த தாள்களை ஒரு திசையில் மட்டும் துளையிட்டு, நீண்ட பட்டைகளாக வெட்டி, ஒன்றன் முனையில் மற்றொன்றை ஒட்டி, ஐந்நூறும் ஆயிரமுமாகச் சுருட்டினார்கள். அந்த ஒட்டு தெரியும் இணைகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தனி விலை கொடுத்து வாங்குகிறார்கள். 12 துளையீட்டில் துளைகள் மிக நெருக்கமாக இருந்ததால் சுருள்கள் இயந்திரத்துக்குள்ளேயே அறுந்தன. 1910 முடிவதற்குள்ளாகவே 8½ துளையீடு வந்துவிட்டது. இந்தக் குறுகிய ஆயுள்தான் 388-இன் அருமைக்குக் காரணம். நான் பணம் கொடுத்தது இந்த வரலாற்றின் ஒரு துண்டுக்கு. எனக்குக் கிடைத்தது அந்த இயந்திரங்களை ஒருபோதும் கண்டிராத, அஞ்சலகச் சன்னலில் விற்கப்பட்ட ஒரு சாதாரணத் தாளின் ஓரம்.

அரியவற்றை விற்பவர்கள் சான்றுகளுக்கு எவ்வளவு மதிப்பளிக்க வேண்டும் என்பதற்கு, தங்கள் பட்டியலின் முன்னுரையிலேயே பெருமையாகக் குறிப்பிட்டுள்ள தலைகீழ் ஜென்னி நல்ல உதாரணம். 1918 மே 14 அன்று வாஷிங்டன் நகர அஞ்சலகத்தில் வில்லியம் ரோபி என்பவர் 24 டாலருக்கு வாங்கிய, விமானம் தலைகீழாக அச்சான நூறு தபால்தலைகள் கொண்ட தாள், சில நாட்களிலேயே 15,000 டாலருக்கு யூஜின் கிளெய்ன் என்ற தபால்தலை வணிகருக்கும், அவரிடமிருந்து 20,000 டாலருக்குக் கர்னல் கிரீன் என்ற சேகரிப்பாளருக்கும் கைமாறியது. தாளைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு தபால்தலையின் பின்புறமும் அதன் இட எண் பென்சிலால் எழுதப்பட்டது. அந்த எண்ணைக் கொண்டே ஒவ்வொன்றின் பயணமும் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடரப்படுகிறது. 2023-இல் ஒன்று இருபது இலட்சம் டாலரைத் தாண்டி விலை போனதற்கு அந்தத் தொடர்ச்சியும் ஒரு காரணம். 388-க்கு அத்தகைய பின்புற எண் கிடையாது. அதனால்தான் அதற்கு நிபுணர் சான்றிதழ் தவிர்க்க முடியாததாகிறது. நியூயார்க்கின் பிலாடெலிக் ஃபவுண்டேஷனும் அமெரிக்கத் தபால்தலைச் சங்கமும் இத்தகைய தபால்தலைகளை ஆராய்ந்து சான்றிதழ் வழங்குவது உலகறிந்தது. இதே நறுக்கும் உத்தியால் ஆரஞ்ச்பர்க் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் 1911-ஆம் ஆண்டின் 3 சென்ட் சுருள் தபால்தலையும் போலியாக்கப்படுகிறது. சான்றிதழ் இல்லாத ஆரஞ்ச்பர்க்கை விவரமறிந்த எவரும் அந்தப் பெயரில் வாங்கமாட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் ஏலத்துக்கு வைத்ததையும்கூட நான் பொறுத்துக்கொள்வேன். "சான்றிதழ் தேவையற்றது" என்று அச்சில் போட்டதைப் பொறுக்க இயலவில்லை.

காலக்கெடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொருள் கைக்கு வந்த வாரத்திலேயே, கெடு முடிவதற்கு முன்பே, அதை நிபுணர் ஆய்வுக்கு அனுப்பவிருப்பதாகவும் அதுவரை கெடுவை நீட்டிக்க வேண்டும் என்றும் தங்களுக்கு எழுதினேன். மின்னஞ்சல் கிடைத்ததாகத் தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நீட்டிப்பை மறுத்து ஒரு சொல்லும் வரவில்லை. கடல்கடந்து போய்வரும் ஆய்வு சில நாட்களில் முடியாது என்பது தங்களுக்குத் தெரியாததன்று. அன்று மௌனமாக இருந்துவிட்டு இன்று கெடுவைக் காரணம் காட்டுவது நேர்மையாகாது.

ஆகவே, இரசீதில் உள்ள முழுத் தொகையையும், நிபுணர் ஆய்வுக் கட்டணத்தையும், பதிவு அஞ்சல் செலவையும் இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எனக்குத் திருப்பித் தர வேண்டும். தொகை வந்த உடனே இணையைச் சான்றிதழின் மூலப் பிரதியுடன் பதிவு அஞ்சலில் அனுப்பிவைக்கிறேன். தங்கள் இணையப் பட்டியலில் இன்னும் 388 என்றே விற்பனை விலையுடன் நிற்கும் பதிவைத் திருத்த வேண்டும். பிற்காலத்தில் விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருவர் அந்தப் பதிவை நம்பி ஏமாறக் கூடாது. திரும்பப் பெற்ற இணையை எண் 375, ஓரம் நறுக்கப்பட்டது என்ற விவரத்துடன் அன்றி வேறு எவ்வகையிலும் மீண்டும் விற்பதில்லை என எழுத்தில் உறுதியளிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். பணத்தைவிட இந்த உறுதியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில் இத்தகைய போலிகள் அழிவதில்லை, சான்றிதழ் பிரிந்துபோன மறுநாளே வேறொருவர் ஆல்பத்துக்குப் போய்விடுகின்றன.

அதே ஏலத்தில் விற்காமல் மீந்துள்ள, 1909-ஆம் ஆண்டு நீலத்தாள் 2 சென்ட் எனக் குறிப்பிடப்பட்ட தபால்தலையையும் மறுபடி ஆராயுமாறு வேண்டுகிறேன். கந்தைத் துணிக் கூழ் 35 விழுக்காடு கலந்த அந்தச் சோதனைத் தாளின் சாம்பல் நீலச் சாயல் தாள் முழுவதும் ஊடுருவி, பின்புறத்திலிருந்து பார்க்கும்போதே தெரிய வேண்டும். தங்கள் படத்தில் நீலம் முன்புற ஓரங்களில் மட்டுமே உள்ளது. இதை வாங்கப் போகிறவர் என்னைப் போல அலைக்கழிய வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

குறித்த நாட்களுக்குள் தக்க பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இரசீது, பட்டியல் பக்கம், நிபுணர் சான்றிதழ், எண் 393-உடன் ஒப்பிட்டு எடுத்த நிழற்படங்கள், காலநீட்டிப்பு கேட்ட மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)